வாரம் 250 ராண்டில் டர்பன் சாப்பாடு: சேம்ப், சுகர் பீன்ஸ், மாஸ், ஒரு அட்டைப்பெட்டி

வாடகை, கரண்ட், டாக்ஸிக் காசு எல்லாம் போக சாப்பாட்டுக்கென்று என் கையில் நிற்பது வாரத்துக்கு 250 ராண்ட். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்துக்குக் கீழே கிளென்வுட் பக்கம், ஒரு பழைய வீட்டின் பின்கட்டு அறை. இரண்டு தட்டு மின்னடுப்பு ஒன்று, நாலு பேர் பங்கு போடும் பிரிட்ஜில் எனக்கு ஒரு தட்டு, இதுதான் சமையலறை. இந்தக் காசில் வயிறும் நிறைய வேண்டும், சத்தும் வேண்டும் என்று செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியே “பொன்னி அரிசி எங்கண்ணா கிடைக்கும்?” என்பதுதான்.

கிடைக்கும், ஏன் கிடைக்காது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்து நின்ற நாளிலிருந்து இது நம் ஆட்கள் சமைத்துச் சாப்பிடும் ஊர். துவரம்பருப்பு, புளி, கருவேப்பிலை, பெருங்காயம் எல்லாமே இருக்கிறது. ஆனால் கப்பலேறி வரும் பொன்னியையும் துவரம்பருப்பையும் வாங்கினால் புதன்கிழமைக்குள் பர்ஸ் காலி. நான் செய்தது தலைகீழ். தானியமும் பயறும் இந்த ஊர்க்காரர் சாப்பிடுவது, தாளிப்பும் பக்குவமும் மட்டும் நம்முடையது. செலவு இறங்கியது அங்கேதான்.

பட்டியலை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இயங்கும் பொருளாதார நீதி, கண்ணியக் குழு, சாதாரணக் குடும்பங்கள் உண்மையில் வாங்கும் 44 உணவுப் பொருட்களின் விலையை மாதாமாதம் கடைகடையாக எடுத்து வெளியிடுகிறது. அதில் வீட்டுப் பெண்கள் முதலில் வாங்கும் வரிசை சோள மாவு (இங்கே சோளம் என்றால் மக்காச்சோளம்), அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, சுகர் பீன்ஸ் (ராஜ்மா இனத்துப் புள்ளி பீன்ஸ்), சேம்ப் (உடைத்த சோளம்), எண்ணெய், உப்பு, உருளை, வெங்காயம் என்று போகிறது. கறிப்பொடியும் அந்த முதல் வரிசையிலேயே இருக்கிறது! சூலு இன மக்களின் வீட்டிலும் கறிப்பொடி அத்தியாவசியம் ஆகிவிட்ட மாகாணம் இந்த குவாசூலு-நேட்டால். அந்த வரிசையில் சர்க்கரையைக் குறைத்து, பயறையும் முட்டையையும் கூட்டினால் ஒரு மாணவனுக்கான பட்டியல் கிட்டத்தட்ட தயார்.

இன்னொரு வழிகாட்டி, பில். இங்கே வாட் வரி 15 சதவீதம், ஆனால் சில அடிப்படை உணவுகளுக்கு வரியே கிடையாது. சோள மாவு, சேம்ப், மீலி ரைஸ் (நொய்யாக உடைத்த சோளம்), அரிசி, உலர்ந்த பயறு வகைகள், பிரவுன் பிரெட், முட்டை, பால், மாஸ் (புளிக்க வைத்த பால்), பச்சைக் காய்கறி, பழம், சமையல் எண்ணெய், டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் கேக் மாவும் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் மாஸுக்கு வரி இல்லை, யோகர்ட்டுக்கு உண்டு. உலர்ந்த பீன்ஸுக்கு இல்லை, டின்னில் அடைத்த பேக்ட் பீன்ஸுக்கு உண்டு. என் பில்லில் வரி போட்ட சாமான்கள் நாலைந்துக்கு மேல் போனால் அந்த வாரம் எங்கோ நாக்கு நீண்டிருக்கிறது என்று அர்த்தம்.

புரதத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டேன். விலை மாறிக்கொண்டே இருக்கும், நான் வாங்கிய விலையை வைத்துச் சொல்கிறேன். சுகர் பீன்ஸ் அரைக்கிலோ 30 ராண்டை ஒட்டி. அதில் 105 கிராமுக்குக் குறையாமல் புரதம், ஆக ஒரு ராண்டுக்கு மூன்றரை கிராம். கோழி ஈரல், அந்தக் கால் கிலோ பிளாஸ்டிக் டப்பா, ஒரு ராண்டுக்கு மூன்று கிராம் வரும், இரும்பும் ஏ விட்டமினும் கொசுறு. முட்டையும் டின் மீனும் இரண்டிரண்டு கிராம். உறைய வைத்த கோழித் துண்டு மூட்டை கிலோக் கணக்கில் மலிவாகத்தான் தெரியும், ஆனால் அதில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். 2016-இல் வந்த விதிப்படி துண்டுகளுக்கு 15 சதவீதம் வரை ஏற்றலாம். எலும்பையும் தண்ணீரையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கோழி எனக்கு மாதக் கடைசி விருந்துதான்.

சரி, பீன்ஸ் மலிவு. ஆனால் அது வேகவேண்டுமே. அந்த மின்னடுப்பின் ஒரு தட்டு 1500 வாட் இழுக்கும். ஒன்றரை மணி நேரம் பீன்ஸ் கொதித்தால் இரண்டு யூனிட்டுக்கு மேல் போய்விடும். எங்கள் மீட்டர் முன்பணம் கட்டும் மீட்டர், எண் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரஷர் குக்கர் வாங்கலாம், நல்லதுதான், ஆனால் நல்ல குக்கரின் விலை என் இரண்டு வாரச் சாப்பாட்டை விழுங்கும். அதனால்தான் பெட்டி: கொதித்த பாத்திரத்தைச் சூடு போகாமல் உள்ளே வைத்து மூடினால், அடுப்பு இல்லாமலே மீதி வெந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வைக்கோல் பெட்டியில் சமைப்பது பழைய வித்தை. இந்த நாட்டிலேயே 2008-இல் வொண்டர்பேக் என்று தெர்மோகோல் மணிகளை அடைத்த துணிப்பை ஒன்று உருவாகி உலகமெல்லாம் போனது. 2022, 2023-இல் லோட் ஷெட்டிங் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் முன்பு இருந்த பையன்கள் அதைத்தான் நம்பியிருந்தார்களாம். கடைப் பை அழகாக இருக்கும். காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அட்டைப்பெட்டி போதும்.

செய்தது இப்படி. சூப்பர் மார்க்கெட் பின்வாசலில் இரண்டு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கினேன், ஒன்று மற்றொன்றுக்குள் நாலா பக்கமும் நாலு விரல் இடைவெளியோடு உட்கார வேண்டும். பெரிய பெட்டியின் அடியில் பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டைகளாகப் போட்டு இறுக்கி, மேலே சின்னப் பெட்டியை வைத்து, சுற்று இடைவெளியிலும் அதே உருண்டைகள். தாளை மடித்து அடுக்கக் கூடாது, கசக்கித்தான் போட வேண்டும், ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைப்பது தாள் அல்ல, அதன் மடிப்புகளுக்குள் அசையாமல் மாட்டிக்கொள்ளும் காற்று. சின்னப் பெட்டிக்குள் ஒரு பழைய கம்பளியை விரித்து பாத்திரம் உட்காரும் அளவுக்குக் குழி. மேலே மூட ஒரு தலையணை உறை நிறைய கிழிந்த டி-ஷர்ட்டுகள். அதுதான் மூடி, அதுதான் முக்கியமும், ஏனென்றால் சூடு அதிகம் தப்பிப்பது மேல்பக்கமாகத்தான். பாத்திரத்தின் மூடிக்கும் கம்பளிக்கும் நடுவே ஒரு துண்டு போடவும். ஆவி கம்பளியை நனைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை அடிக்கும், டர்பன் ஈரக்காற்றைக் கேட்கவே வேண்டாம்.

பாத்திரம் இரண்டு பக்கமும் குட்டைக் காது உள்ளதாக, நாலைந்து லிட்டர் பிடிப்பதாக இருக்கட்டும். முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும். ஒரு பிடி பயறை அரை லிட்டர் தண்ணீரில் வைத்தால் அது வேகுமுன்னே ஆறிவிடும், இந்த முறைக்கு அளவுதான் பலம். ஆய்வகத்தில் ஒரு வெப்பமானி இரவல் கிடைத்தது, நிறைந்த பாத்திரத்தைக் கொதியோடு உள்ளே வைத்து நாலு மணி நேரம் கழித்துத் திறந்து குத்திப் பார்த்ததில் 75 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. காலையில் வகுப்புக்குப் போகும்போது வைத்து மாலையில் திறந்தால் 60-ஐ நெருங்கிவிடுகிறது. அறுபதுக்குக் கீழே கிருமிகளுக்குக் கொண்டாட்டம், அதனால் மாலையில் திறந்ததும் மறுபடி அடுப்பில் ஏற்றி நன்றாக ஒரு கொதி விட்டுவிட்டுத்தான் தட்டில் போடுவது. இதில் சோம்பல் கூடாது.

சுகர் பீன்ஸ் விஷயத்தில் இன்னும் ஒரு எச்சரிக்கை, இதை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள். இந்தப் புள்ளி போட்ட பீன்ஸ், ராஜ்மா எல்லாம் ஒரே இனம். பச்சையாக இருக்கும்போது அதில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். 80 டிகிரி வாக்கில் மெதுவாக வெந்தால் அழியாது, சில சோதனைகளில் பச்சைப் பயறைவிட அதிகமாகவே இருந்திருக்கிறது. நம் பெட்டி சரியாக அந்த வெப்பத்தில் வேலை செய்வது! ஆகவே ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதிக்க வேண்டும், நான் இருபது விடுவேன். அதற்கு அப்புறம்தான் பெட்டி. இருபது நிமிடக் கொதியோடு சேர்த்தாலும் முழு நேரமும் அடுப்பில் வேகவைப்பதை விடக் கரண்ட் குறைவுதான்.

ஊறும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் தோல் சீக்கிரம் மெத்தென்று ஆகும். புளி, தக்காளி மட்டும் வெந்த பிறகு. பக்கத்து வீட்டு ஆயா, நாலு தலைமுறையாக நேட்டாலில் இருக்கும் குடும்பம், இப்போதும் என்னிடம் தமிழில் பேச ஆசைப்படுபவர், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசனை பிடித்தே கேட்டார்: “தம்பி, புளி இப்பவே போட்டியா? அப்புறம் அந்த பீன்ஸ் வேகாது பா, நீ நாளைக்கும் நிக்கணும்.” அவர் வீட்டு பீன்ஸ் கறியில் வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலா, கருவேப்பிலை, ஒரு உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். வெந்த பீன்ஸில் ஒரு கரண்டியை மட்டும் மசித்து மறுபடி குழம்பிலேயே விடுகிறார். தேங்காய் இல்லாமலே குழம்பு கெட்டிப்பட அது போதும், நானும் அதையே செய்கிறேன்.

சேம்ப் என்பது தோல் நீக்கி உடைத்த வெள்ளைச் சோளம், நம்மூரில் மக்காச்சோளம் என்கிறோமே அது. அரிசியை விட இறுக்கமான ஆசாமி. ராத்திரி ஊறவைத்து, அரைமணி கொதிக்க விட்டு, பெட்டியில் மூன்று நாலு மணி நேரம், மறுபடி பத்து நிமிடக் கொதி, மறுபடி பெட்டி. ஒரே சூட்டில் முடிக்க நினைத்தால் நடுவில் மாவு மணி நிற்கும். சூலுக்காரர்களும் கோசாக்காரர்களும் இதை பீன்ஸோடு சேர்த்தே வேக வைக்கிறார்கள், அதில் பெரிய அர்த்தம் இருக்கிறது: சோளத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய, இரண்டும் ஒரே தட்டில் வந்தால் புரதம் முழுமையாகிவிடுகிறது. என் அறைத்தோழன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துப் பையன், அவன் உப்பும் ஸ்டாக் கட்டியும் (சூப் ருசிக்குக் கரைத்துப் போடும் கட்டி) போட்டுச் சாப்பிடுவான். நான் என் பங்கை எடுத்து கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், கருவேப்பிலை தாளித்து, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு கை தூவிக் கிளறுவேன். இப்போது அவன் பங்கையும் நான்தான் தாளிக்க வேண்டியிருக்கிறது.

மீலி ரைஸ் ஒன்றுதான் நான் ஊருக்குப் போனாலும் தேடப்போகும் சாமான். அதே சோளம், நொய் அளவுக்கு உடைத்தது, பெரிய கடைகளில் சேம்ப் மூட்டைக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் கிடக்கும். லேசாக வறுத்து ஒன்றுக்கு மூன்று தண்ணீர் விட்டால் உப்புமா. ஒன்றுக்கு நாலரை விட்டு, கால் பங்கு மசூர்ப் பருப்பையும் போட்டு, கொதி வந்ததும் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் படித்துவிட்டு வந்தால் பொங்கல். மிளகு, சீரகம், இஞ்சி தாளிப்பு எண்ணெயில்தான், நெய் இல்லை. நெய்க்காக அழ வேண்டாம், தாளிப்பில் மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் பாதிக் குறை தெரியாது.

மாஸ் பற்றி. புளிக்க வைத்த பால், இரண்டு லிட்டர் பாட்டிலில் வரும், கெட்டித் தயிருக்கும் மோருக்கும் நடுவில். யோகர்ட் விலையைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தயிர்சாதத்துக்கு நேராகவே ஊற்றலாம். கெட்டித் தயிர்தான் வேண்டுமென்றால் சுத்தமான துணியில் கட்டி ஒரு பாத்திரத்தின் மேல் இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள், வடிந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் விடுங்கள். மோர்க்குழம்பு வைக்கும்போது திரியாமல் இருக்க கடலை மாவுக்குப் பதில் ஒரு ஸ்பூன் சோள மாவை மாஸிலேயே கரைத்து, தீயைக் குறைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். வெள்ளைப் பூசணி இல்லாவிட்டால் முட்டைக்கோஸ் தண்டு போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

சோள மாவில் கூழ் காய்ச்சலாம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடி மாதம் இங்கே மாரியம்மன் கோயில்களில் காய்ச்சுவதும் சோள மாவுக் கூழ்தான். மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி, கோடைக்காலத்தில் ஒரு இரவு, குளிர்காலத்தில் இரண்டு இரவு புளிக்கவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் கட்டி தட்டாமல் ஊற்றிக் கிளறி, ஆறியதும் மாஸ், உப்பு, சின்ன வெங்காயம் இல்லாத ஊரில் பெரிய வெங்காயம் பொடியாக நறுக்கி. காலையில் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனால் மதியம் ஒரு மணி வரை கேன்டீன் பக்கம் தலை திரும்பாது. வெறும் சோளத்தையே நம்பி வாழ்ந்த இடங்களில் நியாசின் குறைவால் பெலாக்ரா நோய் வந்த வரலாறு உண்டு. இங்கே 2003 அக்டோபரிலிருந்து சோள மாவிலும் பிரெட் மாவிலும் நியாசின், போலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம், ஏ விட்டமின் எல்லாம் சேர்க்க வேண்டும் என்று சட்டம். பாக்கெட்டில் அந்தக் குறியைப் பார்த்து வாங்குங்கள். சேம்புக்கும் மீலி ரைஸுக்கும் அதை நம்ப வேண்டாம், அவற்றுக்குத் துணையாகப் பயறும் கீரையும் இருக்கட்டும்.

கீரையும் காயும் வாரிக் சந்திப்பில் உள்ள காலைச் சந்தையில். ஒப்பந்தக் கூலி முடிந்து தோட்டம் போட்ட நம் ஆட்கள் விற்க ஆரம்பித்த வழியில் வந்த சந்தை, 1910-லிருந்து நடக்கிறது. 2009-இல் அதை இடித்து மால் கட்டப் பார்த்தார்கள், வியாபாரிகள் விடவில்லை. அவர்கள் விட்டிருந்தால் என் கீரைச் செலவு இரட்டிப்பாகியிருக்கும் என்பதால் எனக்கு இது சொந்த விஷயம். காய்கள் தட்டுத் தட்டாகக் குவித்திருக்கும், ஒரு தட்டு என்ன விலை என்பதுதான் பேச்சு. விடிகாலையில் போனால் தரம், கடை கட்டும் நேரத்தில் போனால் விலை. நான் இரண்டாவது கட்சி. முட்டைக்கோஸ், முள்ளங்கி, சிவப்புத் தண்டுக்கீரை, பூசணி இலை, அப்புறம் இலையுதிர் காலத்தில் மதும்பி, அதாவது நம் சேப்பங்கிழங்கு. மதும்பியை முழுதாக வேகவைத்துத் தோலுரித்துப் புளியோடு வறுத்தால் தொண்டை அரிக்காது. எலுமிச்சை ஒரு பை வாங்கி வைத்துக்கொள்வேன், பீன்ஸிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் ஒட்ட அந்தப் புளிப்பிலுள்ள சி விட்டமின் உதவுகிறது. சாப்பாட்டோடு டீ குடிப்பது அதற்கு நேர் எதிர், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

மசாலா மட்டும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்காதீர்கள். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் நூறு கிராம், இருநூறு கிராம் என்று நிறுத்துக் கொடுப்பார்கள். மாமியார் ஒழிப்பு என்ற பெயரில் ஒரு மிளகாய்க் கலவையைக் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள், அது சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க. நமக்கு மிக்ஸட் மசாலா போதும்.

டின் மீனுக்கு வருகிறேன். லக்கி ஸ்டார் பில்ச்சர்ட், தக்காளிச் சாஸில், 400 கிராம் டின். நம் மத்திக்கு உறவு, ஜூன் ஜூலையில் நேட்டால் தென்கரையில் கூட்டம் கூட்டமாக வந்து கரையில் வலை போட்டு அள்ளுகிறார்களே, அதே மீன்தான். ஒரு டின் எனக்கு இரண்டு வேளை. சாஸிலேயே தக்காளி இருப்பதால் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முதலில் வெங்காயம், பூண்டு, கருவேப்பிலை வதக்கி, மசாலாவின் பச்சை வாடை போக எண்ணெயிலேயே கிளறி, டின்னிலுள்ள சாஸை மட்டும் ஊற்றி, டின்னைப் புளித்தண்ணீரால் அலசி அதையும் ஊற்றி, கத்தரிக்காய் இருந்தால் போட்டு வேகவிட்டு, கடைசியில் மீனை அப்படியே முழுதாக வைத்து ஐந்து நிமிடம். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் தூளாகிவிடும், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். முள்ளை எடுக்காதீர்கள், டின்னில் அழுத்தத்தில் வெந்து மெத்தென்று இருக்கும், கால்சியம் முழுக்க அதில்தான். மறுநாள் ருசி இன்னும் கூடும்.

மாத ஆரம்பத்தில் சேம்ப், பீன்ஸ், மீலி ரைஸ், மாவு, எண்ணெய் எல்லாம் மொத்தமாக, அந்த வாரம் 250-ஐத் தாண்டும். அடுத்தடுத்த வாரங்களில் காய், மாஸ், முட்டை, ஒரு டின் மீன், ஒரு டப்பா ஈரல் மட்டும்தான், அவை 150-க்குள் அடங்கி ஈடுகட்டிவிடுகின்றன. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கடைகளில் போடும் மாதக்கடைசி காம்போக்களில் எண்ணெயும் மாவும் உண்மையிலேயே மலிவு, ஆனால் கூடவே ஐந்து கிலோ சர்க்கரையைக் கட்டிவிடுவார்கள். அறைத்தோழனும் நானும் பாதிப்பாதிக் காசு போட்டு ஒரு காம்போ எடுத்து, சர்க்கரையை அவன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்புகிறோம். பதிலுக்கு அங்கிருந்து பூசணிக்காய் வருகிறது.